லாக் விட்டுப்போகும் ஃபைபர் லேசர்: அறிகுறியைப் பார்த்துப் பழுது பிடிப்பது

புதுச்சேரியிலிருந்து கடலூர் போகும் சாலையில், அரியாங்குப்பம் தாண்டி ஒரு சின்ன ஆய்வகத்தில் எங்கள் லேசர் இருக்கிறது. எர்பியம் கலந்த ஃபைபரை வளையமாக இணைத்து, மோட்-லாக் செய்து (அதாவது சுற்றும் ஒளியைக் குறுந்துடிப்புகளாகப் பூட்டி; லாக் என்று நான் சொல்வது இந்தப் பூட்டைத்தான்), 1550 நானோமீட்டர் பக்கத்தில் சில நூறு ஃபெம்டோநொடித் துடிப்புகளை எடுக்கிறோம். சன்னல் கம்பியே ஆறு வருடத்தில் துருப்பிடித்து உதிரும் ஊர் இது. லேசர் மட்டும் எப்படி நிம்மதியாக இருக்கும்? இத்தனை நாளில் அது எப்படியெல்லாம் மக்கர் செய்ததோ, அதை அறிகுறி வாரியாக எழுதி வைக்கிறேன்.

முதலில் ஒன்று: பேடிலைத் திருகாதீர்கள். ஃபைபரைச் சுற்றி வைத்து, ஒளியின் தளவிளைவை (அது அதிரும் திசையை) மாற்றும் துடுப்புகள் அவை. லாக் போனதும் கை தானாக அங்கேதான் போகும், தெரியும். ஆனால் பேடில்கள் இருந்த கோணத்தை ஒருமுறை கலைத்துவிட்டால் பழைய இடம் லேசில் திரும்பக் கிடைக்காது. பழுதின் தடயமும் அதோடு போய்விடும். எங்கள் அனுபவத்தில் பாதிக்கு மேற்பட்ட நாட்களில் குற்றவாளி பேடில் இல்லை.

கணக்குகள் புரிவதற்காக எங்கள் வளையத்தைச் சொல்லிவிடுகிறேன். மொத்த நீளம் 5 மீட்டர். ஒளி ஒரு சுற்று வர 24.5 நானோநொடி, ஆகவே துடிப்பு வீதம் 40.8 மெகாஹெர்ட்ஸ். எர்பியத்துக்கு ஆற்றல் ஏற்றும் 980 நானோமீட்டர் பம்ப் டையோடு, பம்பை உள்ளே ஏற்றும் டபிள்யூ.டி.எம்., ஒரு மீட்டர் எர்பியம் ஃபைபர், போலரைசரோடு (ஒரே தளவிளைவை மட்டும் விடுவது) சேர்ந்த ஐசொலேட்டர் (ஒளியை ஒரே திசையில் மட்டும் விடுவது), அதன் இருபுறமும் பேடில்கள், பத்தில் ஒரு பங்கை வெளியே எடுக்கும் கப்ளர், அவ்வளவுதான். செறிவு கூடின ஒளியின் தளவிளைவு ஃபைபருக்குள் கூடுதலாகச் சுழலும். பேடில் சரியான கோணத்தில் இருந்தால் துடிப்பின் உச்சி போலரைசரைத் தாண்டிப் போகும், ஓரங்கள் வெட்டுப்படும். துடிப்பு நிலைப்பது இதனால்தான். உங்களுடையது செஸாம் கண்ணாடி (செறிந்த ஒளியைக் குறைவாக உறிஞ்சுவது) வைத்ததோ, எட்டு வடிவத்தில் கட்டியதோ என்றால் பேடில் வரிகளை விட்டுவிட்டு மற்றதைப் படியுங்கள்.

கை வைப்பதற்கு முன் பேடில்களை ஃபோனில் படம் எடுங்கள். பம்ப் மின்னோட்டம், வெளிவரும் பவர், அறை வெப்பம், ஈரப்பதம், மணி எல்லாவற்றையும் நோட்டில் எழுதுங்கள். ஈரப்பதமானி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. எங்கள் ஆய்வகத்தில் அதிகப் பழுதைப் பிடித்துக் கொடுத்த கருவி அதுதான். இன்னொன்று, இதில் விளையாட்டு வேண்டாம்: 980-உம் சரி, 1550-உம் சரி, கண்ணுக்குத் தெரியாது. கனெக்டரை நுண்ணோக்கியில் பார்க்கும் முன் பம்ப் நின்றிருக்கிறதா என்று பவர் மீட்டரில் பார்த்துக்கொள்ளுங்கள். "அணைச்ச மாதிரிதான் ஞாபகம்" என்பது போதாது.

பம்பைக் கூட்டியும் ஒளியே வரவில்லை

அறை விளக்கை அணைத்துவிட்டு எர்பியம் ஃபைபரைப் பாருங்கள். பம்ப் உள்ளே போகிறது என்றால் ஃபைபர் மங்கலான பச்சையில் ஒளிரும். எர்பியம் அயனி இரண்டு படி ஏறிவிட்டு உமிழும் ஒளி அது. பச்சை இல்லை என்றால் பழுது பம்ப் டையோடிலோ, அதன் டிரைவரிலோ, டபிள்யூ.டி.எம். வரையுள்ள ஸ்ப்ளைஸிலோ (ஃபைபர்களை உருக்கி ஒட்டிய இணைப்பு) இருக்கிறது. பச்சை இருந்தும் லேசர் இல்லை என்றால் வளையத்தில் எங்கோ இழப்பு. வீட்டுக்கு ஃபைபர் இணையம் போட வருகிறவர்கள் வைத்திருக்கும் சிவப்பு லேசர் பேனா ஒன்றை வாங்கி, பம்பை அணைத்துவிட்டு, துண்டு துண்டாக ஒளியை விட்டுப் பாருங்கள். உடைந்த ஸ்ப்ளைஸ் சிவப்பாகக் கசியும். ஐசொலேட்டருக்கு மட்டும் இந்தச் சோதனை உதவாது. 1550-க்காகச் செய்த அதன் படிகம் சிவப்பு ஒளியைக் குடித்துவிடும்.

ஐசொலேட்டர் என்றதும் ஒரு வெட்கம் நினைவுக்கு வருகிறது. ஒருமுறை அதை மாற்றிவிட்டு இரண்டு நாள் தவித்தோம். பச்சை இருக்கிறது, ஸ்ப்ளைஸ் எல்லாம் நன்றாக இருக்கிறது, வெளியே ஒரு மைக்ரோவாட்கூட இல்லை. கடைசியில் பார்த்தால் அம்புக்குறி எதிர்ப்பக்கம். லேசர் பாவம், உள்ளே எதிர்த்திசையில் ஒழுங்காகத்தான் சுற்றிக்கொண்டிருந்தது. அந்தத் திசையில் கப்ளர் எடுக்கும் பங்கு, அதன் டப்பாவுக்குள்ளேயே அடைத்து வைத்திருக்கும் நான்காவது காலுக்குப் போய் மடிந்துவிடும், நமக்கு வராது.

ஒளி வருகிறது, துடிப்பு வரவில்லை

லேசரைச் சந்தேகிக்கும் முன் ஸ்கோப்பின் (ஆஸிலோஸ்கோப்) உள்ளீடு 50 ஓமில் இருக்கிறதா என்று பாருங்கள். யாராவது முந்தின நாள் வேறு வேலைக்கு 1 மெகாஓமுக்கு மாற்றியிருப்பார்கள். அப்போது ஒளியை மின்சாரமாக்கும் ஃபோட்டோடையோடின் மின்னோட்டம் கேபிளின் மின்தேக்கத்தை நிரப்பிக்கொண்டே இருக்கும். 24 நானோநொடிக்கு ஒருமுறை வரும் துடிப்புகள் எல்லாம் ஒன்றாகக் கரைந்து நேர்கோடாகத் தெரியும். சிரிக்காதீர்கள், இது வருடத்துக்கு இரண்டு முறையாவது நடக்கிறது.

அது சரியாக இருந்தால், அடுத்த கேள்வி: லேசர் ஒளிரத் தொடங்கும் பம்ப் மின்னோட்டம் இன்று எவ்வளவு, நல்ல நாளில் எவ்வளவு? இந்த ஒரே எண் பாதி வழக்கைத் தீர்த்துவிடும். தொடக்க மின்னோட்டம் கூடியிருந்தால் வளையத்துக்குள் இழப்பு கூடியிருக்கிறது, அல்லது பம்ப் தளர்ந்திருக்கிறது. பம்ப் பவரைத் தனியாக அளந்தால் எது என்று தெரிந்துவிடும். தொடக்க மின்னோட்டம் அப்படியே இருந்து லாக் மட்டும் வராவிட்டால்தான் தளவிளைவு நகர்ந்திருக்கிறது என்று பேடிலைச் சந்தேகிக்கலாம்.

அப்போதும் உடனே திருக வேண்டாம். லாக் ஆவதற்கு வேண்டிய பம்ப், லாக்கைத் தாங்குவதற்கு வேண்டிய பம்பைவிட அதிகம். ஆகவே முதலில் பம்பைக் கொஞ்சம் கூட்டி, பேடிலின் அருகே ஃபைபரை விரல் நகத்தால் மெல்லத் தட்டுங்கள். அந்தக் குலுக்கலில் ஒரு சிறு இரைச்சல் துள்ளல் எழுந்து துடிப்பாக வளர வாய்ப்புண்டு. லாக் ஆனபின் பம்பைப் பழைய இடத்துக்கு இறக்குங்கள். அதுவும் பலிக்காவிட்டால், சரி, இப்போது திருகலாம்: ஒரு நேரத்தில் ஒரே பேடில், மெதுவாக, கண் ஆப்டிகல் ஸ்பெக்ட்ரம் அனலைசர் (எந்த அலைநீளத்தில் எவ்வளவு ஒளி என்று காட்டும் கருவி) மேல். குறுகிய கோடாக இருந்த ஸ்பெக்ட்ரம் திடீரென்று சில நானோமீட்டர் அகலத்துக்கு விரிந்தால் அங்கேயே கையை எடுத்துவிடுங்கள்.

துடிப்புகள் மூச்சு வாங்குகின்றன

புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவன் ஒருநாள் ஸ்கோப்பைக் காட்டி, "லாக் ஆயிடுச்சுக்கா, அழகா வருது பாருங்க" என்றான். 20 நானோநொடி டைம்பேஸில் துடிப்புகள் வரிசையாகத்தான் நின்றன. உயரம் மட்டும் லேசாக நடுங்கியது. "20 மைக்ரோநொடிக்கு மாத்துப்பா" என்றேன். மாற்றினான். வரிசை முழுவதும் மலைத்தொடர் போல ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

இது க்யூ-ஸ்விட்ச் கலந்த மோட்-லாக். எர்பியம், ஏற்றிய ஆற்றலைச் சுமார் 10 மில்லிநொடி வரை வைத்துக்கொள்ளும். ஒளியோ நானோநொடிக் கணக்கில் சுற்றுகிறது. துடிப்பு கொஞ்சம் பெருத்தால் அதற்கு இழப்பு குறைகிறது, இன்னும் பெருக்கிறது, சேமித்த ஆற்றலைக் காலி செய்துவிட்டு விழுகிறது, மறுபடி நிரம்பும்வரை காத்திருக்கிறது. ஏரி நிரம்பிக் கலிங்கல் வழியாக வழிந்தால் ஒழுங்கு. இது கரையை உடைத்துக்கொண்டு ஓடிவிட்டு, மறுபடி நிரம்பும்வரை வறண்டு கிடக்கும் ஏரி. எர்பியம் வளையத்தில் இந்த ஏற்ற இறக்கம் பெரும்பாலும் சில பத்து கிலோஹெர்ட்ஸ் பக்கம் இருக்கும்.

மருந்து பெரும்பாலும் எளிது: பம்பைக் கூட்டுங்கள். நிலையான லாக்குக்குச் சற்றுக் கீழே உள்ள பம்ப் அளவில்தான் இந்த நோய் குடியிருக்கிறது. கூட்டியும் போகவில்லை என்றால் வளையத்தில் இழப்பைத் தேடுங்கள். செஸாம் லேசர் என்றால், உறிஞ்சும் ஆழம் குறைந்த செஸாமைப் போடுவது உதவும். எப்படியும் இந்த நிலையில் லேசரை ஓட விட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். மலை உச்சியில் வரும் துடிப்புகள் சராசரியைவிடப் பல மடங்கு கனமானவை. செஸாமைச் சுட்டுவிடும், வெளியே பெருக்கி இருந்தால் அதற்கும் ஆபத்து.

ஸ்பெக்ட்ரத்தில் ஊசி மாதிரி ஒற்றைக் கோடு

அகலமான மேட்டின் மேல் மெல்லிய ஊசி ஒன்று நின்றால், துடிப்போடு தொடர் ஒளியும் சேர்ந்து வருகிறது என்று அர்த்தம். துடிப்பு தின்ன முடியாத மிச்சப் பெருக்கத்தை அது எடுத்துக்கொள்கிறது. பம்பைச் சில மில்லியாம்பியர் இறக்கினால் பெரும்பாலும் மறையும். அனலைசரின் ரெசல்யூஷனை நன்றாக நுணுக்கி வைத்துப் பாருங்கள். 1 நானோமீட்டரில் வைத்தால் ஊசி மேட்டுக்குள் ஒளிந்துகொள்ளும்.

மேட்டின் இருபக்கமும் சமச்சீராக நிற்கும் கூர்முனைகளை ஊசியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அவை கெல்லி பட்டைகள்; 1992-இல் அவற்றின் காரணத்தை விளக்கியவர் பெயரால் வழங்குகின்றன. சாலிட்டான் துடிப்பு (வடிவம் சிதையாமல் ஓடும் துடிப்பு) ஒவ்வொரு சுற்றிலும் ஒரு குலுக்கலைச் சந்தித்து, கொஞ்சம் ஒளியை உதிர்க்கிறது. குறிப்பிட்ட சில அலைநீளங்களில் மட்டும் அந்த உதிரி, சுற்றுக்குச் சுற்று ஒன்றோடொன்று சேர்ந்து வளர்கிறது. அளவாக இருந்தால் அது நோய் இல்லை, ஆரோக்கியத்தின் அடையாளம்.

பவர் நிறைய வருகிறது

நிறைய வந்தால் சந்தோஷப்படுவதற்கு முன் ஒரு வகுத்தல் போடுங்கள். எங்களுடையதைப் போன்ற சாலிட்டான் வளையத்தில் ஒரு துடிப்பு தாங்கும் ஆற்றல் 0.1 நானோஜூல் அளவில்தான். இதை 40.8 மெகாஹெர்ட்ஸால் பெருக்கினால் உள்ளே சராசரி 4 மில்லிவாட். பத்தில் ஒரு பங்கு வெளியே வந்தால் 0.4 மில்லிவாட். மீட்டர் 4 மில்லிவாட் காட்டினால்? உள்ளே ஒரு துடிப்பு இல்லை, பத்துப் பக்கம் இருக்கின்றன. அல்லது தொடர் ஒளியும் கலந்திருக்கிறது. பம்பை ஏற்ற ஏற்ற சாலிட்டான் கொழுப்பதில்லை, குட்டி போடுகிறது.

குட்டிகள் வளையத்தில் தள்ளித் தள்ளி நின்றால் ஸ்கோப்பிலேயே 24.5 நானோநொடிக்குள் இரண்டு மூன்று முனைகளாகத் தெரியும். ஒட்டி நின்றால்தான் சிக்கல். சில பிக்கோநொடி இடைவெளியை எந்தச் சாதாரண ஸ்கோப்பும் காட்டாது. அப்போது ஸ்பெக்ட்ரத்தைப் பாருங்கள். மேடு முழுவதும் சீப்புப் பல் போல வரி விழுந்திருக்கும். 1550 நானோமீட்டரில் பல்லுக்குப் பல் 0.8 நானோமீட்டர் என்றால் துடிப்புகளின் இடைவெளி 10 பிக்கோநொடி. 1.6 என்றால் 5. இப்படியே கணக்கிட்டுக்கொள்ளுங்கள். பல் கூர்மையாக, அடிவரை இறங்கினால் துடிப்புகள் கைகோத்து நிற்கின்றன. பல் மழுங்கித் தெரிந்தால், அனலைசர் ஒரு வீச்சு முடிப்பதற்குள் அவை ஒன்றையொன்று விட்டு நகர்ந்துகொண்டிருக்கின்றன.

தீர்வு: பம்பை மெல்ல மெல்ல இறக்குங்கள். குட்டிகள் ஒவ்வொன்றாக விழும். பவர் மீட்டரில் படிப்படியாகத் தெரியும். கடைசி ஒன்று விழுவதற்கு முந்தைய படியில் நிறுத்துங்கள். அந்த மின்னோட்டத்தை நோட்டில் சிவப்பு மையில் எழுதுங்கள்.

எல்லாம் அழகு, ஆட்டோகோரிலேட்டர் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை

ஸ்கோப் காட்ட முடியாத குறுந்துடிப்பின் நீளத்தை அளக்கும் கருவி ஆட்டோகோரிலேட்டர். எங்களை அதிக நாள் ஏமாற்றியது இதுதான். ஸ்கோப்பில் துடிப்பு வரிசை சீராக இருந்தது. ஸ்பெக்ட்ரம் அகலமாக, வழுவழுவென்று, ஊசியோ பட்டையோ இல்லாமல், படம் போட்டு மாட்டலாம் போல இருந்தது. வெளியே பெருக்கியில் ஏற்றினால் மட்டும் பயனில்லை.

1550 நானோமீட்டருக்கு ஒரு சுலபக் கணக்கு: 2520 என்ற எண்ணை ஸ்பெக்ட்ரத்தின் பாதி உயர அகலத்தால் வகுத்தால், சுத்தமான சாலிட்டான் துடிப்பின் நீளம் ஃபெம்டோநொடியில் வரும். 6.3 நானோமீட்டர் என்றால் 400 ஃபெம்டோநொடி. ஆட்டோகோரிலேட்டர் காட்டும் அகலத்தை 1.54-ஆல் வகுத்து இதோடு ஒப்பிடுங்கள். கொஞ்சம் கூடுதல் என்றால் பயமில்லை. சாதாரண ஃபைபரில் 2 மீட்டர் பேட்ச் கார்டு (இணைப்பு ஃபைபர்) போதும், 400 ஃபெம்டோநொடித் துடிப்பை நிறப்பிரிகை (அலைநீளத்துக்கு ஒரு வேகத்தில் ஒளி போவது) குறிப்பிடத்தக்க அளவு விரித்துவிடும். பேட்ச் கார்டைக் குட்டையாக்கிப் பாருங்கள்.

ஆனால் ஆட்டோகோரிலேட்டரில் அகலமான மேடையும் அதன் நடுவே மெல்லிய கூம்பும் தெரிந்தால், மேடை கூம்பின் உச்சியில் பாதி உயரத்தில் இருந்தால், அது ஒற்றைத் துடிப்பே இல்லை. தாறுமாறான குட்டித் துடிப்புகள் பல நூறு ஒரு கொத்தாகச் சுற்றுகின்றன. சுற்றுக்குச் சுற்று கொத்தின் உள் அமைப்பு மாறுகிறது. இரைச்சல் துடிப்பு என்பார்கள். ஸ்பெக்ட்ரம் வழுவழுவென்று இருந்ததே அனலைசர் லட்சக்கணக்கான சுற்றுகளைச் சராசரி எடுத்துக் காட்டியதால்தான். நீளமான வளையத்தில், அதிகப் பம்பில் இது சீக்கிரம் வரும். இங்கே பம்பைக் கணிசமாக இறக்கி, கெல்லி பட்டைகள் தலைகாட்டும் பேடில் நிலையைத் தேட வேண்டும். வேறு குறுக்குவழி எனக்கு அகப்படவில்லை.

காலையில் நன்றாக ஓடியது, மதியத்துக்குமேல் விட்டுப்போகிறது

நம் ஊர் நோய் என்றால் இதுதான். மூன்று தனித்தனிக் காரணங்கள் ஒரே முகத்தோடு வரும்.

முதலாவது ஏசி. ஃபைபரில் ஒளி செல்லும் பாதை ஒரு டிகிரி செல்சியசுக்குப் பத்து லட்சத்தில் 7, 8 பங்கு மாறுகிறது. 40.8 மெகாஹெர்ட்ஸில் அது சுமார் 300 ஹெர்ட்ஸ். அதிர்வெண் எண்ணியை இணைத்து ஒரு மணி நேரம் பதிவு செய்யுங்கள். ரம்பப் பல் போல ஏறி இறங்கினால், ஒவ்வொரு பல்லும் ஏசி கம்ப்ரசர் ஓடி நிற்பதோடு சேர்ந்து வந்தால், சந்தேகமே வேண்டாம். அதிர்வெண் நகர்வது ஒருபுறம் இருக்கட்டும். ஃபைபர் வளைவுகளில் உள்ள தகைவும் வெப்பத்தோடு மாறி, தளவிளைவு நகர்ந்து, லாக் மெல்ல மெல்ல விளிம்புக்குப் போகும். ஒரு கதவு அடிக்கும் அதிர்வு மீதியைப் பார்த்துக்கொள்ளும். எங்கள் தீர்வு ஆடம்பரமானதல்ல. மீன் ஏற்றிப்போகும் பெரிய தெர்மோகோல் பெட்டி ஒன்றைப் புதிதாக வாங்கி வளையத்தை உள்ளே வைத்து, ஃபைபரைக் கேப்டான் டேப்பால் தட்டில் ஒட்டி, பேடில்களுக்கு மட்டும் கை நுழைய வழி விட்டோம். பழைய பெட்டி மலிவாகக் கிடைக்கும், வேண்டாம். வாசனை எந்த ஐசொலேட்டரையும் தாண்டி வரும். ஏசியின் காற்று மேசையில் நேரே படாதபடி இறக்கையைத் திருப்பியது அதைவிடப் பெரிய மாற்றம்.

இரண்டாவது, வேர்வை. இதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு ஒரு கோடை முழுவதும் ஆனது. பம்ப் டையோடின் தட்டை 25 டிகிரியில் நிறுத்தி வைத்திருந்தோம். ஏசி ஓடும் அறையில், 24 டிகிரி, 55 சதவீத ஈரப்பதத்தில், பனிநிலை (காற்றின் ஈரம் நீராகப் படியும் வெப்பநிலை) 14 டிகிரி. ஒரு கவலையும் இல்லை. கரண்ட் போகிறது. டையோடின் கட்டுப்பாட்டுக் கருவி யு.பி.எஸ்.ஸில் இருப்பதால் அது பாட்டுக்குத் தட்டைக் குளிர்வித்துக்கொண்டே இருக்கிறது. ஏசிக்கு யு.பி.எஸ். கிடையாது. புழுக்கம் தாங்காமல் யாரோ சன்னலைத் திறக்கிறார்கள். வெளியே 32 டிகிரி, 75 சதவீதம், பனிநிலை 27. ஐஸ் தண்ணீர்ச் செம்பு வேர்ப்பது போல 25 டிகிரித் தட்டு வேர்க்கத் தொடங்குகிறது. டையோடின் உள்பக்கம் அடைத்து மூடியது, அதற்கு ஒன்றும் ஆகாது. வெளியே கால்களுக்கு நடுவே உப்பு கலந்த ஈரம் படர்ந்தால், மின்னோட்டம் கசிந்து, பம்பில் இரைச்சல் ஏறி, லாக் போகிறது. கரண்ட் வந்து ஏசி அறையை உலர்த்தியதும் எல்லாம் தானாகச் சரியாகிவிடும். நாங்கள் அந்த இடைவெளியில் பேடிலைத் திருகிக்கொண்டிருப்போம், திருகியதால்தான் சரியானது என்றும் நம்புவோம்.

இப்போது தட்டை 30 டிகிரிக்கு ஏற்றிவிட்டோம். டையோடின் ஆயுள் கொஞ்சம் குறையும், பரவாயில்லை. பிராக் கிரேட்டிங் (அலைநீளத்தைப் பிடித்து நிறுத்தும் வரிகள்) இல்லாத டையோடு என்றால் டிகிரிக்கு 0.3 நானோமீட்டர் அளவு அலைநீளம் நகரும். எர்பியம் உறிஞ்சும் அளவு மாறும் என்பதையும் கணக்கில் எடுங்கள். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பைகள் வைத்து, நிறம் மாறியதும் மாற்றுகிறோம். கரண்ட் போனால் சன்னலைத் திறக்காதே என்று கதவில் எழுதி ஒட்டியிருக்கிறோம். ஐப்பசி, கார்த்திகையில் கொண்டல் அடிக்கும்போது இதை யாரும் மீறுவதில்லை. அக்னி நட்சத்திரத்தில்தான் மீறுகிறார்கள்.

மூன்றாவது, கனெக்டர் முகம். ஒளி ஓடும் இடத்தின் விட்டம் 10 மைக்ரோமீட்டர்தான், தலைமுடியில் ஒரு சிறு பங்கு. அதில் ஒரு உப்புத் துகள் போதும். மூடி போட்டுத்தானே வைத்தோம் என்பீர்கள். அந்த மூடியே அழுக்கின் இருப்பிடம். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபின், கரண்ட் வந்ததும் அவசரமாக லேசரைப் போட்டோம். அப்படிச் செய்திருக்கக் கூடாது. மூடியிருந்த கனெக்டர்களிலும் ஈரப்படலம் காய்ந்த கறை இருந்தது. அதன்மேல் பவர் பாய்ந்ததில் ஒரு முகம் கருகியது. முதலில் நுண்ணோக்கி, அப்புறம் உலர் துடைப்பான், போகாவிட்டால் ஐசோபுரப்பைல் ஆல்கஹால், மறுபடி உலர் துடைப்பான், மறுபடி நுண்ணோக்கி. அதன்பிறகுதான் பம்ப்.

ஆர்.எஃப். அனலைசரில் 50, 100 ஹெர்ட்ஸ் காதுகள்

ஆர்.எஃப். அனலைசர், ஃபோட்டோடையோடு தரும் மின்சைகையை அதிர்வெண் வாரியாகக் காட்டும். அதில் 40.8 மெகாஹெர்ட்ஸ் முனையின் இருபுறமும் 50 ஹெர்ட்ஸ் தள்ளி, 100 தள்ளி, காது முளைத்திருக்கும். முதல் வேலை, காது ஒளியில் இருக்கிறதா கம்பியில் இருக்கிறதா என்று பிரிப்பது. ஃபோட்டோடையோடின் வெளியீட்டைத் தாழ் அதிர்வெண்ணில் பார்த்தபடி ஒளியை மூடுங்கள். மூடிய பிறகும் 50 ஹெர்ட்ஸ் அங்கேயே இருந்தால் லேசர் நிரபராதி, குற்றவாளி கருவிகளின் பூமிக்கம்பிகள் (எர்த்) ஒன்றோடொன்று சேர்ந்து உண்டாக்கும் வளையம்தான். ஃபோட்டோடையோடை 9 வோல்ட் பேட்டரியில் ஓட்டுங்கள், எல்லாக் கருவியையும் ஒரே பிளக் வரிசையில் சொருகுங்கள். மூடியதும் காது போனால் பம்ப் டிரைவரைப் பாருங்கள். பம்பிலிருந்து சிறு பங்கைத் தனி டையோடில் எடுத்து ஒப்பிட்டால் உறுதியாகிவிடும். எர்பியம் மெதுவாகத்தான் அசையும், ஆகவே மெகாஹெர்ட்ஸ் வேகப் பம்ப் இரைச்சலை அது விழுங்கிவிடும். 100 ஹெர்ட்ஸ் போன்ற மெதுவான ஆட்டத்தை அப்படியே துடிப்புக்குக் கடத்தும்.

எதையாவது இணைத்தால் மட்டும் கெடுகிறது

வெளியே மீட்டர் மட்டும் இருக்கும்போது நன்றாக ஓடும். பெருக்கியையோ ஆட்டோகோரிலேட்டரையோ இணைத்ததும் இரைச்சல் தளம் ஏறும், சில சமயம் லாக்கே போகும். ஒளி திரும்பி உள்ளே வருகிறது. தட்டையான முகம் காற்றைப் பார்த்தால் 4 சதவீதம் திரும்பும். வெளிவரும் ஃபைபரைப் பென்சிலில் நாலு சுற்று இறுக்கிச் சுற்றுங்கள். போகும்போதும் வரும்போதும் இழப்பு. அப்போது இரைச்சல் குறைந்தால் குற்றம் உறுதி. பச்சைக் கனெக்டரில் நீலத்தைச் சொருகியிருக்கிறீர்களா என்று பாருங்கள். பச்சை 8 டிகிரி சாய்வாகத் தேய்த்தது, நீலம் நேரானது. இரண்டும் சேர்ந்தால் நடுவே காற்றிடைவெளி. எல்லாம் சரியாக இருந்தால் கப்ளருக்கு வெளியே ஒரு ஐசொலேட்டர் போடுங்கள். விலை வலிக்கும், வேறு வழியில்லை.

எல்லாம் சரி, ஆனாலும் இரைச்சல் கூடுதல்

40.8 மெகாஹெர்ட்ஸ் முனைக்கும் தளத்துக்கும் 60, 70 டெசிபல் இருந்தால் லாக் ஆரோக்கியமானது என்போம். அதற்கு மேலும் குறைக்க வேண்டும் என்றால், இரைச்சல் உயரத்தில் இருக்கிறதா நேரத்தில் இருக்கிறதா என்று முதலில் பிரியுங்கள். ஃபான் டெர் லிண்டே 1986-இல் காட்டிய வழி இன்றும் போதும்: முதல் முனையின் பக்கப் பாவாடையையும் (முனையின் இருபுறமும் விரியும் இரைச்சல்) பத்தாவது ஹார்மோனிக்கின் (408 மெகாஹெர்ட்ஸ் முனை) பக்கப் பாவாடையையும் ஒப்பிடுங்கள். உயர இரைச்சல் என்றால் இரண்டும் ஒன்றுபோல இருக்கும். நேர நடுக்கம் என்றால் ஹார்மோனிக் எண்ணின் வர்க்கத்தில் வளரும். பத்தாவதில் 20 டெசிபல் கூடுதல். ஃபோட்டோடையோடு தெவிட்டியிருந்தால் உயர இரைச்சல் நேர நடுக்கமாக வேஷம் போடும், ஆகவே முன்னால் ஒளியைக் குறைக்கும் அட்டெனுவேட்டர் போட்டு இரண்டு பவரில் பாருங்கள்.

உயரத்தில் என்றால் பம்ப் டிரைவரை மாற்றுவதுதான் மிச்சம். நேரத்தில் என்றால் வளையத்தையே மாற்ற வேண்டியிருக்கும். துடிப்பின் நடு அலைநீளம் தானாகக் கொஞ்சம் ஆடும். நிறப்பிரிகை அந்த ஆட்டத்தை நேர ஆட்டமாக மாற்றுகிறது. எதிர்க்குறி நிறப்பிரிகை உள்ள ஃபைபரைச் சேர்த்து மொத்தத்தைப் பூச்சியத்துக்கு அருகே கொண்டுவந்தால் நடுக்கம் குறையும், துடிப்பும் குறுகும். 1993-இல் எம்.ஐ.டி.யில் தமுரா, இப்பென், ஹவுஸ் குழு காட்டிய நீட்டித் துடிப்பு லேசர் இந்த வகைதான். நாங்கள் போன தையில் செய்தோம். வெட்டும் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் துடிப்பு வீதம் சுமார் 82 கிலோஹெர்ட்ஸ் நகரும் என்பதால் அந்த வீதத்துக்கென்று லேசருக்குப் பின்னால் வடிகட்டி வைத்திருந்தால் முன்கூட்டிக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். கெல்லி பட்டைகளும் மறைந்துவிடும், பயப்பட வேண்டாம். பேடில்களை எடுத்த படங்கள் அத்தனையும் வெட்டிய நிமிடத்திலிருந்து செல்லாது. அன்று மட்டும் தாராளமாகத் திருகலாம்.